நகக்கண் வழியே

மேல்மாடிக்காரர் நடக்கும்போது இருபது அடிக்கு ஒருமுறை நிற்பார். நின்ற இடத்தில் சுவரில் என்ன ஒட்டியிருந்தாலும் வாசிப்பார். வாடகைக்கு வீடு, காணாமல் போன பூனை, தையல் வகுப்பு, எதையும் விடுவதில்லை. உதடுகளைக் குவித்து, சூடான தேநீரை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதிக்கொண்டே வாசிப்பார். கடைசி வரி முடிவதற்குள் மூச்சு திரும்பிவிடும். "நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும்ல" என்பார். அவருக்கு வாசிப்புப் பைத்தியம் என்றே நான் இரண்டு வருடம் நம்பியிருந்தேன்.

கார் ரேடியேட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். முப்பத்தைந்து வருடமாக ஈயம் பற்றவைக்கும் புகையும், போதாததற்குச் சிகரெட் புகையும் உள்ளே போயிருக்கின்றன. சிகரெட்டை விட்டு ஏழு வருடமாகிறது. நுரையீரல் அதை இன்னும் நம்பவில்லை. சட்டைப்பையில் இன்ஹேலர் இருக்கும். மனைவி எதிரில் எடுக்க மாட்டார். "நான் தும்மினாலே அவ ஊரைக் கூட்டிடுவா." வீட்டில் நோய்க்குப் பெயர் 'கொஞ்சம் சளி'.

போன மாதம் மருத்துவமனை வராந்தாவில் ஓர் அறிவிப்பைப் படித்திருக்கிறார். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் மிகச் சிறிய ரத்தக் குழாய்களை விரல்வழியே ஆராய்கிறார்களாம், விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

"மூச்சுக்கு வைத்தியம் பாக்கறவங்களுக்கு விரல்ல என்ன வேலை? போய்ப் பாத்துடணும்!"

வீட்டில், "சும்மா நகத்தைப் பாக்கறாங்களாம்" என்றிருக்கிறார். "நகத்துக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று அந்த அம்மாளும் கிளம்பிவிட்டார். ஆவல் தாங்காமல் நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் இளம்பெண். மோதிர விரலின் நகம் தொடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். திரையில் வெளிர்சிவப்புத் தோல். அதில் கொண்டை ஊசிபோல் வளைந்த குழாய்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"இதுல ஓடறது என் ரத்தமா?" என்று எழுந்தே விட்டார். "ஆமா, ஏன் இவ்வளவு கம்மியா இருக்கு?"

"இந்த நோய்ல நுரையீரல்ல இருக்கற குட்டிக் குட்டி ரத்தக் குழாய்ங்க கெட்டுப்போகும் ஐயா. விரல்ல, கிட்னியிலகூட அது நடக்குதான்னு பாக்கறோம். இன்னும் முழுசா புரியல."

"ரேடியேட்டர்ல குழாய் அடைச்சா கழுவுவோம். ஓட்டை விழுந்தா பத்தவெப்போம்."

"இதுல ரெண்டும் முடியாதே. இருக்கறதைக் காப்பாத்தலாம். புகைப் பக்கம் போகாதீங்க. மூச்சு வாங்கினா மறைக்காதீங்க."

அவருக்கு இன்னும் ஆர்வம் அடங்கவில்லை. "டாக்டர், இவ விரலையும் ஒருதடவை காட்டுங்களேன்."

அந்த அம்மாளின் குழாய்கள் நெருக்கமாக, வரிசை பிசகாமல் நின்றன. அவர் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொன்றாக எண்ணினார். "பாரேன், உன்னுது எவ்வளவு அழகா நிக்குது!"

அந்த அம்மாள் திரையைப் பார்க்கவே இல்லை. "எத்தனை வருஷமா இப்படி?"

எண்ணிக்கொண்டிருந்த விரல் நின்றது. "நாலு."

"நாலு வருஷமா எனக்குக் காது குத்தியிருக்கீங்க."

இப்போது பட்டறையில் பற்றவைக்கும் வேலையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, வாசல் பக்கம் தண்ணீர்த் தொட்டியில் ரேடியேட்டரை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது, ஓட்டை எங்கே என்று பார்க்கிறார். அதிலும் அவருக்கு வேடிக்கைதான்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து படியேறினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில், ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, சுவரில் ஒட்டியிருந்ததை வாசிக்காமல், மூச்சு வாங்க நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பையை நிமிர்ந்து பார்க்காமலே மனைவியிடம் நீட்டினார்.