கீசர் மெக்கானிக் வீட்டு வாசலில் ஒரு வேன்

அந்தத் தெருவின் கீசர் மெக்கானிக்குக் கடவுளைவிட உப்புத் தண்ணீர்மேல்தான் நம்பிக்கை அதிகம். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் சுண்ணாம்பைப் படியவைத்து, வருடம் தவறாமல் எல்லா வீட்டுக்கும் அவரை வரவழைப்பது அதுதான். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வாங்கலாமா என்று கேட்டவர்களிடம், "உப்புத் தண்ணியைத் திருத்த அதுல மூட்டை மூட்டையா உப்பு கொட்டணும். சுத்த ஏமாத்து வேலை" என்றே சொல்லிவந்தார்.

சுண்ணாம்பு ஏறி நின்றுபோன சொந்த வீட்டுக் கீசரைக் கழற்ற மட்டும் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. ஆறு மாதம் பச்சைத் தண்ணீரில் குளித்த மனைவி, ஒருநாள் காலை சாஃப்ட்னர் கம்பெனிக்குப் போன் போட்டாள். பெரிய எழுத்தில் பெயரும் நம்பரும் எழுதிய வேன் வாசலில் வந்து நின்றது.

மூன்று கீசர் வைத்திருக்கும் எதிர்வீட்டு டீச்சர் வெளியே வந்தார். "ஏமாத்து வேலைன்னீங்களே அண்ணே?"

"எப்படி ஏமாத்துறான்னு வச்சுப் பார்த்தாத்தானே தெரியும், டீச்சர்."

"நல்லாப் பாருங்க. நானும் வச்சுப் பார்க்கிறேன்" என்றவர், வேனிலிருந்த நம்பரைப் போனில் குறித்துக்கொண்டார்.