கோகிலா அக்காவின் இடக்கைத் துப்பாக்கி

செய்தியைச் சொன்னவர் துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர், ஒரு சீனப் பெரியவர். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குக் கோகிலா அக்கா வரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்று ஜெலுத்தோங்கில் இருக்கும் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கே தேடிப் போயிருக்கிறார். அக்கம்பக்கத்தார் சேர்ந்து கதவைத் திறந்தபோது அக்கா கட்டிலிலேயே போயிருந்தார். தூக்கத்தில் மாரடைப்பு. "அவங்க சொந்தக்காரங்க யாரையும் எனக்குத் தெரியாது. நீங்க போட்டிக்கு வந்தப்போ உங்க நம்பர் வாங்கி வச்சிருந்தேன்" என்று மலாயில் சொன்னார்.

பிறை ஊர்த் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. சோதனைப் பிரிவில் அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பல வருடம் பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு லீவு நாளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கினார். "வீட்டுல தட்டு கழுவுற சத்தம்கூட பெருசா கேக்குது, மலர்" என்றார் ஒரு நாள்.

கம்பெனி குடும்ப தினத்துக்குக் கிளப்காரர்கள் காற்றுத் துப்பாக்கி கொண்டுவந்திருந்தார்கள். வரிசையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்கா போய் நின்றார். அடுத்த வாரமே கிளப்பில் சேர்ந்துவிட்டார். "அங்கயும் யாரும் யார்கூடவும் பேசறதில்ல. ஆனா வரிசையா நிக்கிறோம்ல, தனியா இருக்கிற மாதிரி தோணல" என்றார்.

சிக்கல் அவர் கையில் இருந்தது. சாப்பிடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் அவருக்கு இடக்கைதான். கிளப்பில் இரவல் கொடுக்கும் துப்பாக்கிகள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்குச் செய்தவை. கன்னம் பொருந்தாமல் கழுத்து வலியோடு திங்கட்கிழமைகளில் வேலைக்கு வருவார். புதிதாக வருகிறவர்கள் அவசரப்பட்டு எதையும் வாங்கக் கூடாது என்பது செயலாளரின் அறிவுரை. அக்கா சிரித்தார். "மத்தவங்க சுட்டுப் பாத்துட்டு வாங்குறாங்க. நான் வாங்கிட்டுத்தான் சுட்டே பாக்கணும் லா."

இடக்கைக்காரர்களுக்கென்று செய்த துப்பாக்கி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். மழையில் கடல் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளில் நனைந்து வேலைக்கு வருகிறவர், கார் வாங்கச் சேர்த்திருந்த பணம் அது. துப்பாக்கியோடு செலவு நிற்கவில்லை. விறைப்பான கேன்வாஸ் கோட்டு, காலுக்குத் தட்டையான சப்பாத்து, கையுறை, போலீஸ் உரிமத்துக்கான அலைச்சல். எல்லாம் முடிந்தபோது கார்ப் பணத்தில் பெரும்பகுதி போயிருந்தது. அக்கா அதே மோட்டார் சைக்கிளில் தொடர்ந்து வந்தார்.

மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டு வாசலிலேயே நின்று கத்தினாராம். "பொம்பள தனியா இருக்கிற வீட்டுல துப்பாக்கியா? ஊரு என்ன சொல்லும்?" அதை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன், கிளப்பிலேயே பூட்டி வைப்பார்கள் என்று அக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து முறுக்கு டின் வரவில்லை. மறு வருடமும் வரவில்லை. "வெல கூடிப்போச்சு, மலர்" என்றார் அக்கா. துப்பாக்கியைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்த அண்ணனும் நானும் கிளப்புக்குப் போனோம். உரிமம் அக்காவின் பெயரில் இருந்ததால் துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. செயலாளர் பெட்டியைத் திறந்தார். அண்ணன் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அவ நல்லா சுடுவாளா?"

நான் போன ஒரே போட்டியைப் பற்றிச் சொன்னேன். "சும்மா வந்து பின்னால உக்காரு. பேசக்கூட வேணாம்" என்று அக்கா கூப்பிட்ட போட்டி அது. இன்னும் ஒரு குண்டு பாக்கி, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா துப்பாக்கியைத் தூக்குவார், குறி பார்ப்பார், சுடாமல் இறக்கிவிடுவார். மறுபடியும் தூக்குவார், இறக்குவார். மற்றவர்கள் முடித்துவிட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். வரிசையில் அவர் மட்டும் நின்றார். நேரம் முடியப்போகும்போது சுட்டார். பிறகு கேட்டதற்கு, "கை ஒத்துக்கலன்னா இறக்கிடணும், மலர். ஆத்திரத்துல சுட்டா அது வேற எங்கயோ போயிரும்" என்றார்.

"எத்தனாவதா வந்தா?"

"கடைசிக்கு முந்தின எடம், அண்ணே."

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். செயலாளர் வெளியே போய்விட்டார்.

அன்று அவரிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் குண்டைச் சுட்டதும், அது எங்கே பட்டது என்று காட்டும் திரையைக்கூடப் பார்க்காமல் அக்கா திரும்பினார். பின்னால் மற்றவர்களின் கணவர்களும் பிள்ளைகளும் நிறைந்திருந்த நாற்காலிகளில் கண்ணால் தேடினார். என்னைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த முகத்தைத்தான்.