லாபியில் ஒரு பகல்

சவ்வாது மலையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பயணியர் விடுதியில் மாமா காவலாளியாக இருந்தார். அதன் முன்கூடத்துச் சுவரில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. நான்காம் வகுப்புப் படிக்கிற மிதப்பில் எழுத்துக்கூட்டி ‘லாபி’ என்று படித்துவிட்டேன். பொருள்தான் தெரியவில்லை. தெரியாத சொல் ஒன்று மாட்டிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மாமாவைக் கேட்டேன். “உள்ள வுடவும் மாட்டாங்க, வெளிய தொரத்தவும் மாட்டாங்க. அந்த எடந்தான்” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மந்திரி ஒருவர் விடுதியில் தங்கியிருந்தார். எங்கள் ஊர் மருத்துவ நிலையம் நர்ஸ் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. ஒரு நர்ஸைப் போடச் சொல்லிக் கேட்பதற்காக அம்மா காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அப்போது எட்டு மாதம். முந்தைய பிரசவத்துக்கு டோலி கட்டிச் செங்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, பாதி வழியில் பிறந்து இறந்துபோனான் என் தம்பி. “ஆம்பளைங்க போய்க் கேட்டா பாக்கறோம்னு சொல்லி அனுப்பிடறாங்க. என் வயித்தப் பாத்துட்டு அப்டி சொல்லட்டும்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

காவலூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவரும் மந்திரிக்காகக் காத்திருந்தார். பேப்பரை விளம்பரம் வரைக்கும் படித்து முடித்துவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் ஆதியில் அது இலைதழை போட்ட பந்தலாம். பிறகு மடங்களில் துறவிகள் உலாவுகிற, கூரை போட்ட நடை. அதற்கும் பிறகு, சட்டசபைக்கு வெளியே ஜனங்கள் நின்று உறுப்பினர்களைப் பிடித்துப் பேசுகிற கூடம். அப்படிப் பேசிக் காரியம் சாதிப்பதற்கும் இப்போது அதே பெயர்தானாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இலைப் பந்தலில் தொடங்கிச் சட்டசபை வரை ஒரே சொல் நடந்து வந்திருக்கிறதே.

வெயில் சாய்கிற நேரத்தில் பின்பக்கம் ஜீப் உறுமியது. மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். “கெளம்பிட்டாருக்கா. பின்வாசல் வழியா போய்ட்டாரு.”

இன்ஜினியர் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளைத் தேற்றலாமென்று, கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தபடி கேட்டாள்.

“அங்க குந்திக்கினு இருந்தவங்கள உள்ள கூப்ட்டாங்களாமா?”

“அத்தெல்லாம் அவுரு சொல்லலம்மா” என்றேன். இவ்வளவு அருமையான கதையில் அம்மாவுக்கு இது ஒன்றுதானா கேட்கத் தோன்றியது என்று வழி நெடுக எனக்குக் கோபம் கோபமாக வந்தது.