தம்பி வென்ற பந்தயம்

என் தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினரும் நண்பர்களும் அவருடைய வாழ்க்கையை ஓரளவு அறிந்தவர்கள். அதில் ஒரு பகுதியை நான் உங்களிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். இருந்தவரை அவரை "வாடா, போடா" என்றுதான் அழைத்தேன். இங்கே "அவர்" என்று எழுதும்போது கை கூசுகிறது.

தம்பி பெருந்துறையில் பிறந்தார். எனக்கு ஒன்பது வயது இளையவர். தந்தையார் சீக்கிரமே காலமானதால், தம்பியின் படிப்பிலிருந்து திருமணம் வரை என் சொல்லே முடிவாக இருந்தது. அவர் அதை ஒருமுறையும் மறுத்ததில்லை. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்து, ஊரில் சில காலம் பணியாற்றினார். நான் நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து வந்தேன். 1990இல் அவரையும் துணைவியாரையும் மகளையும் இங்கே வரவழைத்தேன்.

வந்தவருக்கு இங்கே மருத்துவம் பார்க்க உரிமம் இல்லை. தேர்வுகளை எழுதி முடிக்கும் வரை, மேற்கே மேட்டு நிலத்தில் இருந்த ஒரு குதிரைப் பண்ணையில் லாயம் கூட்டினார். டாக்டர் என்று ஊரில் அழைக்கப்பட்டவர் சாணம் அள்ளினார். அதைப் பற்றி அவர் வருந்திப் பேசி நான் கேட்டதில்லை. பண்ணைக்குச் சொந்தக்காரரான அம்மையார் அவருக்குக் குதிரை ஏறவும் வேலி தாண்டவும் கற்றுக்கொடுத்தார். நாற்பதை நெருங்கும் வயதில் தம்பிக்கு அது பித்தாகவே ஆகிவிட்டது.

அந்தப் பகுதியில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு தடை தாண்டும் குதிரைப் பந்தயம் நடக்கிறது. புல்வெளியில் சில மைல் தூரம், இடையிடையே நெஞ்சளவு மர வேலிகள். உரிமம் கிடைத்து மருத்துவரான பிறகு, பந்தயச் சங்கத்தின் பழைய ஏடுகளை இரவல் வாங்கிப் படித்து, அதன் வரலாற்றைத் தம்பி எங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்வார். யார் குதிரை நல்லது என்று இரண்டு பண்ணைக்காரர்களுக்குள் தகராறு வந்ததாம். ஒரு மாதா கோயிலிலிருந்து புறப்பட்டு, அடுத்த ஊர்க் கோயிலின் கோபுரத்தைக் குறிவைத்து, வழியில் எது வந்தாலும் தாண்டிப் போவது என்று முடிவாயிற்றாம். பின்னாளில் வயல்கள் வீடுகளானதால் பந்தயம் ஒரு வட்டப் பாதைக்குள் அடங்கியது. போர்க்காலத்தில் ஆளில்லாமல் நின்று போயிற்று. வெகுகாலம் பெண்களைச் சேர்க்கவில்லை. சண்டை போட்டு உள்ளே நுழைந்தவர்களில் பண்ணை அம்மையாரும் ஒருவர்.

இத்தனை மாறியும் ஒரு விதி மாறவில்லை. அது அமெச்சூர்களின் பந்தயம். குதிரைச் சவாரிக்காக ஒரு டாலர் வாங்கியவருக்கும் அதில் இடமில்லை. பல் மருத்துவர், வக்கீல், பால் பண்ணைக்காரர் என்று வேறு பிழைப்பு உள்ளவர்களே ஓட்டினார்கள். பரிசு ஒரு வெள்ளிக் கோப்பை. அதுவும் சங்கத்திலேயே இருக்கும், வென்றவர் பெயரை மட்டும் அதில் பொறிப்பார்கள்.

"காசும் இல்ல, கப்பும் இல்ல, கழுத்து முறிஞ்சா மட்டும் நம்முளுது. இதுக்கு எதுக்குடா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"காசு இல்லைங்கறதுனாலதானுங்கண்ணா" என்றார்.

1995இல் தம்பி அந்தப் பந்தயத்தில் வென்றார். நான் கடைசி வேலியருகே நின்றிருந்தேன். முன்னால் வந்த இரண்டு குதிரைகள் அதற்கு முந்தைய வேலியில் விழுந்துவிட்டன. தம்பி வரும்போது அவருடைய உதடுகள் அசைவது தெரிந்தது. வேலிக்கு இன்னும் எத்தனை எட்டு என்று எண்ணுகிறார் என்று பக்கத்தில் நின்ற அவர் மகள் சொன்னாள். தாண்டினார். பின்னால் வந்தவரை ஒரு தலை நீளத்தில் முந்தினார்.

அப்போது நான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். நம்மில் ஒருவர் வென்றால் பொன்னாடை போர்த்திப் பொற்கிழி தருவதுதானே நமக்குத் தெரிந்த மரியாதை. பொங்கல் விழாவில் செய்வதாகச் சொன்னேன். தம்பி பதறிவிட்டார்.

"பொன்னாடை போடுங்கண்ணா, போதும். பொற்கிழி மட்டும் வேண்டாமுங்க. சவாரிக்குக் காசு வாங்குன மாதிரி ஆயிரும். அவங்க ரூல் தெரியுமில்லங்க?"

"அவங்க ரூல் அவங்களோட. இது நம்ம சபை. கூலியா குடுக்கறோம்? கௌரவம்டா."

"அண்ணா, வேண்டாமுங்க."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் விழாவன்று மேடையில் அறிவித்து, பட்டுப் பையை அவர் கையில் வைத்தேன். நானூறு பேர் முன்னால் மூத்தவன் கொடுத்ததைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டு கும்பிட்டார். விழா முடிந்ததும் பையைப் பிரிக்காமலே தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் மேடைப் படம் உள்ளூர் ஆங்கிலச் செய்தித்தாளில், பந்தய வீரருக்குப் பணப் பரிசு என்ற குறிப்போடு வந்துவிட்டது.

பந்தயக் கமிட்டி விளக்கம் கேட்டது. தம்பி என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க ஒரு லெட்டர் குடுங்கண்ணா. எனக்குத் தெரியாம மேடையில குடுத்தீங்க, நான் அன்னைக்கே திருப்பிட்டேன். நடந்ததை எழுதுனா போதும்."

எழுதுகிறேன் என்றேன். பலமுறை உட்கார்ந்தேன். உண்மையை எழுதினால், விதி தெரிந்தும் அவர் பேச்சைக் கேட்காமல் செய்தேன் என்று எழுத வேண்டும். அந்த வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் நான் ஏன் தலைகுனிய வேண்டும் என்ற வீம்பு. நாளை, நாளை என்று தள்ளினேன். கமிட்டி கூடும் நாள் கடந்துவிட்டது. தம்பியின் வெற்றி செல்லாது என்று முடிவு வந்தது. "பரவாயில்லைங்கண்ணா" என்றார். அதன் பிறகு அவர் குதிரை ஏறவில்லை. உங்களில் பலரிடம் முதுகுவலியால் விட்டுவிட்டார் என்று சொன்னவன் நான். அருகில் இருந்து அதைக் கேட்டபோதும் அவர் மறுக்கவில்லை.

சென்ற ஆண்டு கணையத்தில் புற்றுநோய் கண்டு, நான்கே மாதங்களில் படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் எங்களை அடையாளம் தெரியவில்லை. ஆனால் போர்வைக்குள் முழங்கால்கள் இறுகும். உதடுகள் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று அசையும். உடனே உடம்பு தளரும். மறுபடி தொடங்கும். அறையில் இருந்தவர்களில் எனக்கும் அவர் மகளுக்கும்தான் அது என்னவென்று தெரியும். இப்போது மாடிப்படி ஏறினாலும், கடையில் வரிசையில் நின்றாலும் அந்த எண்ணிக்கை என் காதில் விழுகிறது. ஒண்ணுக்குப் பிறகு என்ன என்று காத்து நிற்கிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை எழுதினேன். தம்பி மகள் என்னைப் பந்தய மைதானத்துக்கு அழைத்துப் போனாள். பந்தயச் சங்கச் செயலாளரான பெண்மணி கடிதத்தை இருமுறை படித்தார். பிறகு பழைய குறிப்பேட்டை எடுத்து, அன்றைய விசாரணையில் தம்பி சொன்னதைப் படித்துக் காட்டினார். பணம் தரப்போவது எனக்கு முன்பே தெரியும், விரும்பியே வாங்கினேன், இதில் வேறு யாருக்கும் பொறுப்பில்லை என்று தம்பி சொல்லியிருந்தார்.

"அப்பா எதுக்கு பெரியப்பா பொய் சொன்னார்?" என்று மகள் கேட்டாள்.

"என் பேர் கெட்டுப் போகக் கூடாதுன்னு" என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

ஓட்டியவரே முறையிட்டால்தான் தீர்ப்பை மாற்ற முடியும், இனி வழியில்லை என்று செயலாளர் வருத்தத்தோடு சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு இருப்பது இந்த மலர் மட்டுமே. என் தம்பி அந்தப் பந்தயத்தில் நேர்மையாக வென்றார். அவருடைய வெற்றியை அழித்தவன் நான்.

நோயில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட துணைவியாருக்கும் மகளுக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும், முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்த நண்பர்களுக்கும், இறுதி ஊர்வலத்துக்குத் தன் குதிரைகளோடு வந்து சாலையோரம் நின்ற பண்ணை அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. நேரில் அறியாத ஒருவருக்கும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பந்தயத்தில் தம்பிக்குப் பின்னால் வந்த பல் மருத்துவர் அவர். கோப்பையில் அவர் பெயரைப் பொறிக்கக் கமிட்டி கேட்டபோது, நான் ஜெயிக்கவில்லையே என்று மறுத்துவிட்டாராம். செயலாளர் கோப்பையை என் கையில் கொடுத்துக் காட்டினார். 1994க்கும் 1996க்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளி வெறுமையாக இருக்கிறது.