பூசணி விதைப் பல் வைத்த மலைச்சாமி

ஓசூருக்குக் குடிவந்ததிலிருந்து என் மகள் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. வீட்டில் அந்த வாய் ஓயாது, வகுப்பில் பொம்மை. முதல் வாரம் அவளுடைய திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு, எதற்கெடுத்தாலும் 'லா' போடுகிறாள் என்று பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதோடு வாயை மூடியவள்தான். "ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்று டீச்சர் சொன்ன அன்று எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

அந்த டீச்சரேதான் பள்ளிக் கண்காட்சியில் அவளுக்கு அஸ்டெக் மக்களின் திருவிழாவைத் தலைப்பாகக் கொடுத்தார். அந்தக் காலத்து மெக்சிகோவில் கீரைவிதை மாவைப் பிசைந்து மலைச்சாமி செய்வார்களாம். பல்லுக்குப் பூசணி விதை, கண்ணுக்குக் கறுப்புப் பயறு. கும்பிட்டு முடித்ததும் சாமியை உடைத்து ஆளுக்கொரு துண்டு தின்றுவிடுவார்கள். இதை அவள் எல்லார் முன்னாலும் சொல்லி உடைத்துக் காட்ட வேண்டும். இவளாவது, சொல்லவாவது!

கீரைவிதையை வறுத்துப் பொடித்து வெல்லப்பாகில் பிசைந்தோம். மலைச்சாமி பல்லெல்லாம் தெரிய நன்றாகவே வந்தது. கண்காட்சியன்று காலையில் விளக்கேற்றிய என் வீட்டுக்காரர், பக்கத்தில் இருந்த அதற்கும் பழக்கதோஷத்தில் குங்குமம் வைத்து, ஒரு செண்டுமல்லியைச் செருகிவிட்டு, கம்பெனி பஸ் பிடிக்க ஓடிவிட்டார். நல்ல மனுஷன்! நான் என் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன்.

பக்கத்து மேசையில் இன்கா மக்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்ததைப் பற்றி இரண்டு பிள்ளைகள் முழங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஒரு வார்த்தை பேசாமல், நேரே உடைக்கக் கையை நீட்டினாள்.

"ஐயையோ, பொட்டு வச்ச சாமிம்மா! ஒடைக்காத கண்ணு!" என்று பார்க்க வந்த ஓர் அம்மா கத்திவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். போச்சு, இனி இவள் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்றே நினைத்தேன்.

"ஏன் ஆன்ட்டி?" என்றாள். "எங்க ஊர்ல அம்மனுக்கு மாவெளக்கு போடுவோம்லா. அரிசிமாவும் வெல்லமும் பிசைஞ்சு, அதுலயே திரி ஏத்திக் கும்பிடுவோம். வெளக்கு அணைஞ்சதும் அந்த மாவ நாமதான திங்கோம்? அம்மன் கோவிச்சுக்கிடுமா? சாமி நம்ம வயித்துக்குள்ள வரட்டும்னுதான் திங்கது. இவங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க."

பட்டென்று உடைத்து முதல் துண்டை அந்த அம்மாவிடமே நீட்டினாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். 'லா'வுக்கு யாரும் சிரிக்கவில்லை. பல் இருக்கும் துண்டுக்குத்தான் பிள்ளைகளுக்குள் அடிபிடி. அப்பாடா! சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அவ்வளவு நிம்மதி.

டீ பிரேக்கில் வீட்டுக்காரர் போன் செய்தார். "பேசினாளா?"

"நீங்களே கேளுங்க" என்று போனை அவள் பக்கம் நீட்டினேன். புதிதாக வந்து நின்றவர்களுக்கு மாவிளக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தாள். அந்தப் பக்கம் கம்பெனியில் பிரேக் முடிந்து மணியடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.