இடது மார்பில் குத்திய பதக்கம்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டில், டிவிக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே அப்பாவின் பதக்கம், பங்லிமா காகா பெரானி. வீரத்துக்கு இந்த நாடு தரும் விருதுகளில் இரண்டாவது பெரியது. பெற்றவர் தம் பெயருக்குப் பின்னால் பி.ஜி.பி. என்று போட்டுக்கொள்ளலாம். அப்பா போட்டதே இல்லை. "கரண்டு பில்லு கட்ட வீரம் எதுக்கு?" என்பார்.

கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலம். தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடி, அப்பாவோடு ராணுவத்தில் இருந்த நண்பரின் காலைக் கொண்டுபோனது. அப்பா அவரைத் தோளில் சுமந்தபடி, சுட்டுக்கொண்டே வெளியே வந்தார். நண்பர் வழியிலேயே இறந்துவிட்டார். "செத்தது அவன், மெடல் எனக்கு" என்பதற்கு மேல் அப்பா எதுவும் சொன்னதில்லை.

பதக்கம் அணிவதற்கு ஒரு முறை உண்டு. பெற்றவருக்கு இடது மார்பு. அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் அணிந்தால் வலது மார்பு. சின்ன வயதில் ஆசைக்கு இடது பக்கம் குத்திக்கொண்டு முதுகில் ஒன்று வாங்கினேன். "இடது பக்கம் சண்டை போட்டவனுக்குடா."

இப்போது அப்பாவுக்கு மறதி நோய். என்னை மறந்துவிட்டார், அம்மாவையும் மறந்துவிட்டார். செத்துப்போன நண்பர் மட்டும் அவர் நினைவில் உயிரோடு வந்துவிட்டார். செலாயாங்கில் இருக்கிறாராம். தினமும் அப்பா பதக்கத்தை எடுத்துக்கொண்டு வருவார். "இது அவனோடது. போய்க் குடுத்துட்டு வா லா."

அவர் இறந்துவிட்டார் என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். அப்போதுதான் சாவுச் செய்தி கேட்டவர் போல அப்பா தேம்பி அழுதார். மறுநாள் பதக்கத்தோடு வந்து நின்றார். சொன்னால் அழுகிறார், சொல்லாவிட்டால் காத்துக்கிடக்கிறார். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்தே வரும்.

போன வாரம் சுபாங் ஜெயாவில் வேலை முடிந்து வீடு திரும்பினேன். கதவருகே நின்ற அப்பாவின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா மச்சான்?"

என் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். இடது பக்கம். தடுக்க எனக்குக் கை எழவில்லை. கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்தாயிற்று, இனியாவது நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன்.

அப்பா குனிந்து என் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்க மச்சான். ஹெலிகாப்டர் வந்துரும்."

பெற்ற அப்பாவின் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"வந்துரும் மச்சான்" என்றேன்.