ஒதிலியாவின் கண்களும் இரண்டு ஏ. சவரிமுத்துகளும்

1999 அக்டோபரில், விருப்பமே இல்லாமல் போன பயணம் இது. டெக்சாஸ் பக்கம் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில். டெக்சாஸ் பிளானோவில் தம்பி ஸ்டீபன் வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தேன். அங்கே எனக்காகக் காத்திருந்தது, தூத்துக்குடியிலிருந்து அம்மா தபாலில் அனுப்பிய ஒரு ஜோடி வெள்ளிக் கண். அப்பாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணுக்குத் திங்கள் காலை ஆபரேஷன். அதற்குள் மூத்த மகன் கையால் புனித லூசியம்மாளுக்குக் காணிக்கை செலுத்த வேண்டும், அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவும் வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

மூத்த மகன் நான்தான். பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பெண் இந்து என்பதால் என் கல்யாணத்துக்கு வராமல், "எனக்கு ஒரே மகன்தான்" என்று பங்குச் சாமியாரிடம் சொன்னவர் அவர். அதை என்னிடம் வந்து சொன்னவர்களின் பெயர்கள்கூட எனக்கு நினைவிருக்கின்றன.

ஊரில் நான் எஸ். அந்தோணி. அமெரிக்காவில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும் என்பது வந்தவர்களுக்குத் தெரியும். இங்கே நான் ஏ. சவரிமுத்து. யாரை மறக்க நினைத்தேனோ, அவர் பெயரைச் சொல்லித்தான் அலுவலகத்தில் தினமும் என்னைக் கூப்பிட்டார்கள்.

லூசியம்மாள் சுரூபம் இருப்பதாகத் தம்பி ஒரு படத்தைப் பார்த்துச் சொன்ன கோயிலுக்கு, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அவன் மினிவேனில் கிளம்பினோம். ஐ-35 நெடுஞ்சாலையில் தெற்கே சான் அன்டோனியோ, அங்கிருந்து மேற்கே முப்பது மைல். மொத்தம் முந்நூற்றிருபது மைல். ஆஸ்டினைத் தாண்டும்வரை தம்பி வாயை மூடவில்லை.

"பேசிடுண்ணே. காலிங் கார்டு பாக்கெட்லயே வெச்சிருக்கேன்."

"அந்த மனுஷன் முதல்ல பேசட்டும்."

"அப்பான்னு சொன்னா வாய் வெந்துடுமா? வீம்புல நீ அவரோட ஜெராக்ஸ்ணே."

"ரோட்டைப் பாத்து டிரைவ் பண்ணு."

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அல்சேஸ் என்ற பிரெஞ்சுப் பகுதியிலிருந்து குடியேறியவர்கள் கட்டிய சிறிய கல் கோயில். பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பக்கப் பீடத்தில் கன்னியாஸ்திரீ உடையில் ஒரு சுரூபம். கையில் விரித்த புத்தகம், அதன்மேல் இரண்டு கண்கள். தம்பி மண்டியிட்டு, "லூசியம்மாளே" என்று ஆரம்பித்தான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள் ஓடி வந்தார். அது லூசி இல்லையாம், ஒதிலியாவாம். லூசி என்றால் கையில் தட்டு இருக்குமாம்.

"போச்சு," என்றான் தம்பி. "கண்ணைப் பாத்ததும் லூசின்னு முடிவு பண்ணிட்டேன். அம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாதேண்ணே."

இவரிடமும் கண்ணுக்குத்தான் வேண்டுவார்கள் என்று சமாதானம் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் கதையையும் சொன்னார். ஏழாம் நூற்றாண்டு. அல்சேஸ் பிரபுவுக்குப் பார்வையில்லாமல் பிறந்த மகள் ஒதிலியா. குலத்துக்கே அவமானம், கொன்றுவிடு என்றான் தகப்பன். தாய் ஒரு செவிலியிடம் கொடுத்துத் தப்ப வைத்தாள். பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானம் பெற்றபோது கண் திறந்தது. தகப்பனைக் கேட்காமல் அவளைத் திரும்ப அழைத்து வந்த சகோதரனைத் தகப்பன் அடித்த அடியில், அவன் செத்துப்போனான்.

"சமாதானம் பேச வந்தவன் கதியப் பாத்தியா?" என்று தம்பி என் காதில் முணுமுணுத்தான்.

பிறகு தகப்பன் மனம் மாறித் தன் கோட்டையையே அவள் மடத்துக்குக் கொடுத்தான். அவன் செத்த பின், செத்தவர்கள் பாவம் தீர எரியும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவன் வேகக் கூடாது என்று அவள் அழுது மன்றாடினாளாம். கண் திறந்ததை என்னால் நம்ப முடிந்தது. இதைத்தான் நம்ப முடியவில்லை.

"தகப்பன் அவளிடம் மன்னிப்புக் கேட்டானா?" என்றேன்.

அந்த அம்மாள் யோசித்தார். "எனக்குத் தெரிந்த கதையில் அது இல்லை."

வெள்ளிக் கண்ணைப் பீடத்தில் வைத்தேன். அங்கே ஒரு மன்றாட்டுப் புத்தகம் இருக்கிறது. வேண்டுபவர் பெயர் ஒரு பக்கம், யாருக்காக என்பது மறுபக்கம். வழக்கமான கையெழுத்தைப் போட்டேன்: ஏ. சவரிமுத்து. மறுபக்கம் அப்பா பெயரை ஊர் முறைப்படி எழுதினேன். தாத்தா அருளப்பன். ஆகவே அதுவும் ஏ. சவரிமுத்து.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "உங்கள் கண்ணுக்கு என்ன, மிஸ்டர் சவரிமுத்து?" என்று கேட்டார்.

"எனக்கில்லை," என்றேன். பேனாவை மூடி வைத்தேன். "என் அப்பாவுக்கு."

தம்பி கார்டை நீட்டினான்.

பெட்ரோல் பங்கில் பொதுத் தொலைபேசி இருந்தது. எங்களுக்குக் காலை பதினொன்று, அங்கே இரவு ஒன்பதரை. அவரே எடுத்தார்.

"யாரு?"

அலுவலகத்தில் போனை எடுத்தால் சொல்லிச் சொல்லிப் பழகியதே வாயில் வந்தது. "சவரிமுத்து பேசுறேன்."

 

"சவரிமுத்து நான்லா. நீ யாருல?"

"அந்தோணிப்பா."

"ம். சாப்ட்டியா?"

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஆபரேஷன் பாதிதான் பலித்தது. வெளிச்சம் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் யாரு என்று கேட்பார், தெரிந்துகொண்டேதான்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு என்றால் பத்தரைக்குமேல் போங்கள், கூட்டம் இருக்காது. ஆஸ்டினில் நெரிசல் தொடங்கும் முன் அதைக் கடந்துவிடுங்கள். சான் அன்டோனியோவிலேயே சாப்பிட்டுவிடுங்கள், கோயில் பக்கம் ஒன்றும் கிடைக்காது. மன்றாட்டுப் புத்தகத்தில் இனிஷியலோடு நிறுத்தாமல் முழுப் பெயரையும் எழுதுங்கள். இல்லையென்றால், யாருக்காக வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கும்.